சொல் மாறாதவர்கள்

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் குடியிருக்கிறார். கிறிஸ்தவர். மாலையில் சிங்காநல்லூர்க் குளத்துப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பும்போது என் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருவார். மழை, காய்கறி விலை, முழங்கால் வலி ஆகிய மூன்றையும் தாண்டி எங்கள் பேச்சு போனதில்லை. போன மாதம் ஒரு நாள் அப்படி வந்து உட்கார்ந்தவர் வெகு நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஏனுங்க, ஒரு சந்தேகம். நீங்க கதை எழுதறவரு, உங்களுக்குத்தான் இது தெரியும். ஒருத்தரு செத்து நாப்பது வருஷங் கழிச்சு, அவரு இப்படி இப்படியெல்லாம் பேசினாருன்னு இன்னொருத்தரு எழுதினா, அதை நம்பலாமுங்களா?" என்று கேட்டார்.

யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது சங்கடமாகப் போய்விட்டது. அவருடைய மகன் வெளிநாட்டில் படிக்கிறான். ஏதோ புத்தகம் படித்துவிட்டு, நான்கு சுவிசேஷங்களும் ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லை என்றும், இயேசு இறந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் முதல் சுவிசேஷமே எழுதப்பட்டது என்றும், அதுவரையில் எல்லாம் வெறும் வாய்ப்பேச்சாகத்தான் உலவிக்கொண்டிருந்தது என்றும் தகப்பனாரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். மகன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவர் ஓர் அதட்டுப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். பொய்யில்லை என்பதுதான் அவருடைய கஷ்டம்.

நான் கிறிஸ்தவன் அல்ல. விசுவாசத்தைப் பற்றி அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் கேள்வி விசுவாசத்தைப் பற்றியது மட்டும் அல்லவே! ஒருவர் பேசியதை இன்னொருவர் சுமந்துகொண்டு போய் மூன்றாமவரிடம் சேர்ப்பது என்பது என் தொழிலோடு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் அன்றைக்கு அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் போனது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் மகன் சொன்ன கணக்கை ஒப்புக்கொண்டுவிடலாம். இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறக்குறைய கி.பி. 30. நான்கு சுவிசேஷங்களில் மிகப் பழையது மாற்கு என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். அது எழுதப்பட்டது கி.பி. 70-ஐ ஒட்டி. மத்தேயுவும் லூக்காவும் அதற்குப் பின்னால். யோவான் அந்த நூற்றாண்டின் கடைசியில். போதாக்குறைக்கு இன்னொரு சங்கதி. இயேசு பேசியது அரமேயம். சுவிசேஷங்கள் எழுதப்பட்டதோ கிரேக்கத்தில். ஆகவே அவருடைய வாய்மொழி என்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி பிறந்தபோதே மொழிபெயர்ப்பு. அவரே தம் கைப்பட எழுதி வைத்தது ஒரு வரி கூட இல்லை.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் மத்தேயுவில் நீளமாகவும் லூக்காவில் குறுகலாகவும் இருக்கிறது. இதையாவது வாய்ப்பேச்சு என்று விட்டுவிடலாம். அவருடைய சிலுவையின்மேல் ஒரு பலகையில் குற்றச்சாட்டை எழுதி வைத்தார்கள். எழுத்து! வழியில் போகிறவர்கள் எல்லாம் படிக்கும்படி வைத்தது. அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. நான்கிலும் வாசகம் நான்கு விதம். யூதருடைய ராஜா என்பது மட்டும் நான்கிலும் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "சரி, நம்ப முடியாது" என்று மூடி வைத்துவிடலாமா? அந்த முடிவுக்குப் போகாதபடி என்னைத் தடுப்பது, சின்ன வயதில் நான் கேட்ட ஓர் உடுக்கைச் சத்தம்.

காங்கேயத்துக்குத் தெற்கே என் அமுச்சியின் ஊர். எனக்குப் பத்து வயது இருக்கும். கோயில் வாசலில் அண்ணன்மார் கதை நடந்துகொண்டிருந்தது. கொங்கு நாட்டு வாசகர்களுக்கு அந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் வெகு காலம் தவம் கிடந்து பிறந்த பொன்னர், சங்கர் என்ற இரட்டையர்களின் கதை. அவர்களுக்கு ஒரு தங்கை. பெரியண்ணன் பொன்னர் சாந்த சொரூபி. சின்னண்ணன் சங்கர் முன்கோபி. வேட்டுவர்களோடு பகை மூண்டு இருவரும் இளம் வயதிலேயே களத்தில் மாண்டு போகிறார்கள். தங்கை அவர்களைத் தேடிக்கொண்டு படுகளத்துக்கு வருகிறாள். இன்றைக்கும் மாசி மாதத்தில் மணப்பாறைக்கு அருகே வீரப்பூருக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். படுகளக் கட்டத்தில் மனிதர்கள் அருள் வந்து பிணம் போல விழுந்து கிடப்பதும், பிறகு எழுப்பப்படுவதும் பார்த்தவர்களுக்கு மறக்காது.

அன்று இரவு பாடியவர் நல்ல பாட்டுக்காரர். உடுக்கையும் அவருடைய குரலும் சேர்ந்து தூக்கத்தை எங்கேயோ விரட்டிவிட்டன. ஏதோ ஒரு கட்டத்தில் பொன்னர் தம்பியைக் கோபித்துக்கொள்வதாகப் பாடினார். கொஞ்சம் கடுமையான வார்த்தை. வார்த்தை என்னவென்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த ஒரு கிழவர் தலையைத் தூக்கி, "அட நிறுத்தப்பா! பெரியண்ணன் வாயில அந்தப் பேச்சு வராது" என்றார். உடுக்கை நின்றது. இன்னும் இரண்டு மூன்று பேர், "ஆமாம்ப்பா, வராது" என்றார்கள். பாட்டுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "செரிங்க சாமி" என்று சிரித்துவிட்டு, அதே இடத்தை மறுபடி எடுத்து, அந்த வார்த்தை இல்லாமல் பாடினார். கிழவர் மறுபடி சாய்ந்துகொண்டார்.

அந்தக் கிழவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் ஏடு கிடையாது. கதையை வரிவரியாக மனப்பாடம் செய்தவரும் அல்ல. ஆனால் பெரியண்ணனை அவருக்குத் தெரியும், தன் பங்காளியைத் தெரிவது போல. அந்த அறிவைக் கொண்டு அவர் பாட்டுக்காரரைத் திருத்தினார்.

வாய்வழிக் கதை என்றவுடன் படித்தவர்கள் ஒரு விளையாட்டை உதாரணம் காட்டுவார்கள். பத்துப் பேரை வரிசையாக உட்கார வைத்து, முதல் ஆளின் காதில் ஒன்றைச் சொன்னால், பத்தாவது ஆளிடம் அது வேறு ஏதோவாகப் போய்ச் சேரும். உதாரணம் வேடிக்கையாக இருக்கிறது, பொருத்தம்தான் இல்லை. ஊரில் யாரும் கதையைக் காதோடு காதாக ஒருவருக்கு மட்டும் சொல்வதில்லை. நடு வாசலில், முந்நூறு பேருக்கு நடுவில், ஏற்கெனவே கதை தெரிந்தவர்களுக்குச் சொல்கிறார்கள். அங்கே காவல் சொல்கிறவனிடம் இல்லை, கேட்கிறவர்களிடம் இருக்கிறது.

இந்தக் கதையையே அறிவியல் முறைப்படி ஆராய்ந்தவர்கள் உண்டு. 1965-இல் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மேல்நாட்டு மானிடவியல் அறிஞர் தங்கியிருந்தார். இராமசாமி என்ற பாடகர் ஊரார் முன்னிலையில் இரவிரவாகப் பாடிய அண்ணன்மார் கதையை அவர் ஒலிநாடாவில் பதிவு செய்தார். மொத்தம் 38 மணி நேரம். அதே பாடகர் அதே கதையை எழுதிக்கொள்கிறவர் ஒருவருக்கு நிதானமாகச் சொல்லவும் செய்தார். பாட்டு ஒன்று, சொல்லி எழுதியது ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு பெக் அம்மையார் 1982-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். ஒரே மனிதர், ஒரே கதை. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. இருக்கவும் முடியாது. எதிரே ஊர் உட்கார்ந்திருக்கும்போது வருகிற பேச்சும், எதிரே ஒரு பேனா மட்டும் உட்கார்ந்திருக்கும்போது வருகிற பேச்சும் எப்படி ஒன்றாக இருக்கும்? நான் ஒரு முறை வானொலிப் பேட்டிக்குப் போய்விட்டு வந்து, அந்த ஒலிபரப்பைக் கேட்டபோது, பேசுவது யாரோ என்று திகைத்தேன்.

இதற்கு முப்பது ஆண்டுகள் முன்னால், 1933-லிருந்து 1935 வரை, மில்மன் பாரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் யூகோஸ்லாவியாவின் மலைக் கிராமங்களில் இப்படித்தான் பாடகர்களைத் தேடி அலைந்தார். அவர் சீக்கிரமே இறந்துவிட, அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டு அந்த ஆராய்ச்சியை 1960-இல் புத்தகமாக்கினார். அங்கே ஒரு விசித்திரம். பாடகனைக் கேட்டால், "சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுகிறேன், ஒன்றும் மாறாது" என்று சத்தியம் செய்கிறான். பதிவை ஒப்பிட்டால் வரிகள் மாறியிருக்கின்றன. பொய் சொல்கிறானா? இல்லை. நாம் 'சொல்' என்று எதை நினைக்கிறோமோ அதை அவன் நினைக்கவில்லை.

இது தமிழனுக்கு ஆச்சரியமாக இருக்கக் கூடாது. 'அவர் சொல் மாறாதவர்' என்று நாம் ஒருவரைப் புகழ்கிறோம். தினமும் ஒரே வாக்கியத்தைப் பேசுகிறார் என்றா அதற்கு அர்த்தம்? கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர் என்று அர்த்தம். சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசி மாடு வாங்கிய காலத்தில், பத்திரம் இல்லை, ரசீது இல்லை, 'சொல்' இருந்தது. பாட்டுக்காரரும் அந்த அர்த்தத்தில்தான் சொல் மாறாதவர். கதைக்கு அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்னொரு வகை மாறாமையும் நம் நாட்டில் உண்டு. வேதத்தைக் காத்தவர்கள் எழுத்து மாறாமல், ஸ்வரம் மாறாமல் காத்தார்கள். பதத்தைத் தனித்தனியாகப் பிரித்து ஒரு தரம், முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு தரம் என்று ஓதி ஓதி, ஓர் எழுத்து நழுவினாலும் கண்டுபிடிக்கும்படி வைத்தார்கள். உலகத்தில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் அந்த மந்திரங்களுக்கு அர்த்தமே கிடையாது என்று கௌத்ஸர் என்பவர் வாதித்ததாக யாஸ்கரின் நிருக்தமே எடுத்துச் சொல்லி மறுக்கிறது. ஒலியைக் கடுகளவும் சிந்தாமல் காத்த ஒரு பரம்பரையில், பொருள் உண்டா என்றே சண்டை வந்துவிட்டது! ஒலியைக் காப்பதும் சொல்லைக் காப்பதும் வேறு வேறு காரியங்கள் போலிருக்கிறது.

சுவிசேஷங்களுக்கு முந்திய அந்த நாற்பது ஆண்டுகளில் நடந்தது வேதம் ஓதுவது போன்றதல்ல. எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நடந்ததைப் போன்றது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதம், மாற்குவுக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முந்தியது. தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாக அதில் அவர் எழுதுகிறார். உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். கண்டது மெய்யா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் 'இன்னும் இருக்கிறார்கள்' என்பதில் ஒரு சவால் தொனிக்கிறது: வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்குவில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்ன இடம் உண்டு. சிலுவையைச் சுமக்க முடியாமல் இயேசு தளர்ந்தபோது, வயற்காட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சீரேனே ஊர்ச் சீமோன் என்பவனைப் பிடித்துச் சுமக்க வைக்கிறார்கள். அவன் அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்கிறார் மாற்கு. இந்த அலெக்சந்தர் யார், ரூப்பு யார் என்று அவர் சொல்லவே இல்லை. எப்போது ஒருவர் அப்படிப் பேசுவார்? எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருந்தால்தான். "நம்ம மேக்காலூட்டுப் பையனோட அப்பன்" என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி. மத்தேயுவிலும் லூக்காவிலும் சீமோன் இருக்கிறான். பிள்ளைகளின் பேர் போய்விட்டது. யோவானில் சீமோனே இல்லை. கேட்கிறவர்களுக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைய மறைய, பெயர்களும் கதையிலிருந்து இறங்கிப் போகின்றன. வாய்ப்பேச்சின் தடம் இவ்வளவு தெளிவாகப் பதிந்த இடம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதுவரை எழுதியதை ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நானும் இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் அந்தக் கிழவருடைய வாக்கியம் என்னை நிறுத்த விடவில்லை. 'பெரியண்ணன் வாயில் அந்தப் பேச்சு வராது.' ஒரு வேளை, வந்திருந்தால்? சாந்த சொரூபியான பொன்னர், ஏதோ ஒரு நாள், களைத்துப் போய், தம்பியைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை நிஜமாகவே சொல்லியிருந்தால்? ஊர் அதைக் காப்பாற்றியிருக்குமா? கதையைக் காக்கிற அதே கை, கதைக்குப் பிடிக்காத உண்மையைக் கழித்தும் விடுமே! வேட்டுவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதே கதையைக் கேட்டால், தலையூர்க் காளி வில்லனாகவா இருப்பான்?

இந்தச் சந்தேகம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. வீட்டிலிருந்து வந்தது.

அமுச்சி ஒரு கதை சொல்வாள். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-லிருந்து 1878 வரை இந்தச் சீமையைத் தின்று தீர்த்த பஞ்சத்தில் நடந்தது. அமுச்சியின் பாட்டி அப்போது இளம் பெண். ஒரு சாயங்காலம் யாரோ ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு படலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டில் இருந்தது ஒரு கலயம் கஞ்சி. பாட்டி அந்தக் கலயத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளைகளைத் தண்ணீர் குடித்துத் தூங்கச் சொன்னாள். மருமகள்களுக்கும் பேரன் பேத்திகளுக்கும் அமுச்சி இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

எனக்கு இருபது வயதிருக்கும்போது ஒரு நாள் இரவு, மின்சாரம் போய், வாசலில் நானும் அமுச்சியும் மட்டும் படுத்திருந்தோம். அவளாகவே ஆரம்பித்தாள். அதே கதை, அதே சாயங்காலம், அதே படல். ஆனால் இந்தத் தடவை பாட்டி கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள். வெளியே வெகு நேரம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பிறகு அழவில்லை. காலையில் வேம்பின் அடியில் இரண்டு பேரும் கிடந்தார்கள். "எங்க பாட்டி சாகற மட்டும் கதவுக்குத் தாழ் போட்டதில்லைடா கண்ணு. மழையானாலும் பனியானாலும் தொறந்தேதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு அமுச்சி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் சில ஆண்டுகள் கழித்து அந்தக் கதையை எழுதினேன். எதை எழுதினேன் என்று நினைக்கிறீர்கள்? கஞ்சி கொடுத்த கதையைத்தான். பத்திரிகையில் வந்தது; நல்ல பெயர் கிடைத்தது. மாமா அந்த இதழைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருந்தார். அமுச்சிக்குப் படித்துக் காட்டினார்கள். முழுவதும் கேட்டுவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்து, "நீ எழுதினதே இருக்கட்டும் கண்ணு" என்றாள். அதற்குப் பிறகு அவளும் நான் எழுதியபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என்னுடைய வாக்கியங்கள், நான் சேர்த்த நிலா வெளிச்சம் உட்பட, அவள் வாயில் வந்தன. அமுச்சி போன பிறகு ஒரு முறை மாமாவிடம் மற்றக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்க ஊட்டுப் பொம்பளை அப்படிச் செய்ய மாட்டா" என்றார். கோயில் வாசலில் கேட்ட வாக்கியம்தான். ஆள்தான் வேறு.

தாழ் போட்ட கதையில்தான் பாட்டியின் ஆயுசு முழுவதும் இருக்கிறது. திறந்தே கிடந்த அந்தக் கதவு இருக்கிறது. அதை அழித்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு புண்ணியவதியை நான் உட்கார வைத்துவிட்டேன். வாயில் இருந்தவரைக்கும் இரண்டு கதையும் உயிரோடு இருந்தன. பகலுக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று. அச்சில் ஏறியதும் ஒன்று செத்துப் போயிற்று. வாய்ப்பேச்சுதான் உண்மையைத் திரிக்கும், எழுத்து காக்கும் என்று சொல்கிறவர்களிடம் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த உறுத்தலோடு சுவிசேஷங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன. சபைக்குத் தலைவராக விளங்கிய பேதுரு, ஒரு வேலைக்காரியின் கேள்விக்குப் பயந்து, அந்த மனிதரைத் தெரியாது என்று மறுதலித்தார். நான்கு சுவிசேஷங்களிலும் அது இருக்கிறது. பலகையின் வாசகத்தில் ஒத்துப் போகாதவர்கள் இந்த அவமானத்தில் ஒத்துப் போகிறார்கள். 'எங்கள் பேதுரு அப்படிச் செய்யமாட்டார்' என்று சொல்ல ஒரு மாமா அங்கே இல்லாமலா இருந்திருப்பார்?

அதைவிடப் பெரியது சிலுவையில் இயேசு எழுப்பிய கூக்குரல். தேவன் தம்மைக் கைவிட்டதேன் என்று கேட்கிற குரல். தேவகுமாரன் என்று நம்பித் தொழுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிற பேச்சா அது? லூக்காவில் அது இல்லை. அங்கே தம் ஆவியைப் பிதாவின் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டு அமைதியாக உயிர் விடுகிறார். யோவானிலும் இல்லை, அங்கே காரியம் முடிந்தது என்கிறார். இருவரும் 'அவர் வாயில் அந்தப் பேச்சு வராது' என்று நினைத்திருக்கலாம். அன்பினால்தான் நினைத்திருப்பார்கள். எங்கள் மாமாவும் அன்பினால்தான் கோபித்துக்கொண்டார். ஆனால் மாற்கு அதை விடவில்லை. கிரேக்கத்தில் மட்டும் எழுதினால் போதாதென்று, அரமேய ஒலியையே அப்படியே எழுதி வைத்து, பிறகு அர்த்தம் சொல்கிறார். மத்தேயுவும் அவர் வழியே போகிறார். அது சங்கீதப் பாடல் ஒன்றின் தொடக்கம் என்பதும், ஜெபமாகச் சொன்னார் என்பதும் பெரியவர்கள் சொல்லும் சமாதானம். இருக்கட்டும். பக்கத்தில் நின்றவர்கள் அதைத் தப்பாகக் கேட்டு, எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தார்கள் என்பதையும் மாற்கு எழுதியிருக்கிறார். முதல் முதலாகக் கேட்ட காதுகளே தவறின என்று, அந்த வாசகத்தைச் சுமந்துகொண்டு வந்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்! நாற்பது வருஷம் வாய் வாயாகக் கடந்து வந்தும் அந்தக் குரல் மெருகேறவில்லை.

இலங்கையில் பௌத்தர்களுக்கும் இப்படி ஒரு கட்டம் வந்தது. புத்தர் பேச்சு பல நூற்றாண்டுகள் பிக்குகளின் மனத்திலேயே இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் கடும் பஞ்சம்; மனப்பாடம் செய்தவர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். ஒரு நூலை முழுதாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்குதான் மிஞ்சினார். அவரோ ஒழுக்கம் கெட்டவர். ஒரு நல்ல தேரர் அந்த மனிதரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்கத் தயங்கினார். நூல் அழிந்துவிடும் என்று மற்றவர்கள் வற்புறுத்த, கடைசியில் போய்க் கற்றுக்கொண்டார். பாலி உரைநூல் இதை ஒளிக்காமல் சொல்கிறது. அந்த நூற்றாண்டில்தான் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதினார்கள். கெட்டவர் கையில் ஒரு நல்ல சொல் தங்கியிருந்ததை மறைக்காமல் சொல்லி வைத்ததற்காக, அந்த உரையாசிரியரை எனக்குப் பிடிக்கிறது.

மகன் குற்றமாகச் சொன்ன அந்த 'ஒத்துப்போகாமை'க்கு வருகிறேன். அதைச் சரி செய்ய ஒருவர் முயன்றார். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியன் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் வெட்டி ஒட்டி, முரண் இல்லாத ஒரே கதையாகத் தொகுத்தார். வேலை சுத்தம். சிரியா நாட்டுச் சபைகளில் வெகு காலம் அதைத்தான் படித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தியோதரேத்து என்ற ஆயர் தம் ஆளுகைக்குள் அந்தப் புத்தகத்தில் இருநூறு பிரதிகளுக்கு மேல் இருப்பதைக் கண்டு, எல்லாவற்றையும் அகற்றிவிட்டுத் தனித்தனியான நான்கையும் அங்கே வைத்தார். அவருக்கு வேறு காரணங்களும் இருந்தன; தாத்தியனை மதபேதகர் என்று கருதினார்கள். புத்தகங்களை அகற்றுவது எனக்கு உவப்பான செயலும் அல்ல. ஆனாலும், ஒன்றாகச் செய்து முடித்த கதையை விட, முரண்படுகிற நான்கு சாட்சிகளே இருக்கட்டும் என்று சபை கடைசியில் தேர்ந்துகொண்டதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது. நான் தாத்தியன் கட்சியைச் சேர்ந்தவன். கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலோர் அந்தக் கட்சிதான்.

இயேசு எழுதியதாக ஒரே ஓர் இடம் உண்டு. விபசாரத்தில் பிடிபட்ட ஒரு பெண்ணைக் கல்லெறிந்து கொல்லவா என்று கேட்கிறார்கள். அவர் குனிந்து விரலால் தரையில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கதையே மிகப் பழைய பிரதிகளில் இல்லை. பிந்திய பிரதிகளில் பெரும்பாலும் யோவானில் வருகிறது. சிலவற்றில் லூக்காவில் போய் ஒண்டியிருக்கிறது. எந்த ஏட்டிலும் இடம் கிடைக்காமல், வாயிலேயே வெகு காலம் அலைந்து, கடைசியில் யாரோ ஒருவர் கைவிட மனமில்லாமல் உள்ளே சேர்த்தது போலிருக்கிறது. அந்தப் பெண்ணையும் ஒரு வாசலில் யாரோ உள்ளே விட்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஆசிரியர் வந்தபோது இதில் பாதியைச் சொன்னேன். சீமோனின் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவர் முகம் மலர்ந்தது. "ரூப்பு, ரூப்பு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கூக்குரலைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "அப்போ, நம்பலாமுங்களா?" என்று மறுபடி கேட்டார். "நம்பிக்கையைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. ஆனா, மறைக்க விரும்பறதை மறைக்காம சொன்னவங்க பேச்சைத் தட்டிட்டுப் போக என்னால முடியலைங்க" என்றேன். அது பதிலாகுமா என்று யோசிப்பவர் போல உட்கார்ந்திருந்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். மகனிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

என்னுடைய கஞ்சிக் கதை இருக்கிற தொகுதி மறுபதிப்புக்கு வருகிறது. திருத்தம் ஏதாவது உண்டா என்று பதிப்பாளர் கேட்டிருக்கிறார். கதையில் கை வைக்கவில்லை. அதற்கு அடுத்த பக்கத்தில், தாழ் போட்ட கதையையும் அமுச்சி சொன்னபடியே, நிலா வெளிச்சம் இல்லாமல், எழுதிச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். மாமாவுக்கு எண்பது வயதாகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னும் எல்லாவற்றையும் படிக்கிறார்.